துளை வயிற்றில், வலி தோளில்!

எண்டோமெட்ரியோசிஸுக்கு லேப்ராஸ்கோபி (சிறுதுளை வழி அறுவை சிகிச்சை) செய்துகொண்ட பெண்கள் பலர் மறுநாள் சொல்லும் புகார் விசித்திரமானது: வயிற்றோடு தோள்பட்டையும் வலிக்கிறதாம்!

காரணம், வாயு. இந்த நோயில், கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு சூலகம், குடல் என்று கண்ட இடத்தில் ஒட்டிக் கிடக்கும். அதைத் தேடி அகற்ற இடம் வேண்டுமே? வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடை நிரப்புகிறார்கள். அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். மிச்சம் தங்குவது உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பு கிளம்புவது கழுத்துத் தண்டுவடத்தில். தோளின் உணர்வும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. மூளை குழம்பி, தோள்மீது பழி போடுகிறது.

பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மெல்ல நடமாடலாம். காய்ச்சல், மூச்சுத்திணறல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவைக்கு முன்தயாரிப்பு? வழக்கமாக 6 மணி நேரம் திட உணவு கூடாது. தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. இல்லாவிட்டால், மயக்க மருந்து கொடுத்த நிலையில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். “ஒரு வாய் காபிதானே” என்பார்கள். பால் கலந்த காபி திட உணவுக் கணக்கு!