வெண்ணெய் போல் குழையும் பரங்கிக்காய்ச் சோறு

சோறு குழைந்துவிட்டால் நம் வீடுகளில் சண்டை வரும். குழையாவிட்டால் சண்டை வரும் நாடு ஒன்று இருக்கிறது. அதுதான் இத்தாலி!

அங்கே 'ரிசொட்டோ' என்று ஒரு சோறு செய்கிறார்கள். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் நடுவான பதம். இலையுதிர் காலத்தில் அதில் பரங்கிக்காயைப் போட்டுக் கிண்டுவார்கள். பாலேடு ஊற்றியது போல வழவழவென்று இருக்கும். ஆனால் ஏடு ஊற்றுவதில்லை. அந்த வழவழப்பு அரிசிக்குள்ளேயே இருக்கிறது!

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு இது புதுமை அல்ல. தைப் பொங்கலன்று புது அரிசி பானையில் குழைவதைப் பார்த்தவர்கள்தானே! பரங்கிக்காயும் அன்று அடுப்பில் இருக்கும். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த காய் அது. பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய் ஆயிற்று. இத்தாலிக்கும் அது விருந்தாளிதான்.

கஞ்சியைக் கொட்டலாமா?

இம்மாவட்டத்தின் நெல் பெரும்பாலும் கண்மாயை நம்பிய நெல். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் வயல் காய்ந்துவிடும். அறந்தாங்கிப் பக்கமோ காவிரியின் கடைமடை. அப்படித் தவம் கிடந்து விளைந்த அரிசியின் சத்தைக் கஞ்சியாக வடித்துச் சாக்கடையில் கொட்டுகிறோம். ரிசொட்டோவில் ஒரு சொட்டுக்கூட வீணாவதில்லை.

அரிசியில் இரண்டு வகை மாவுச்சத்து உண்டு. அவற்றுள் ஒன்றான அமிலோபெக்டின் சூட்டில் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும். கிண்டும்போது அரிசிகள் ஒன்றோடொன்று உரசி அதை வெளியே விடுகின்றன. இத்தாலியர் அரிசியைக் கழுவுவதே இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஒப்பமாட்டார்கள். கல் பொறுக்கி, ஒரே ஒரு முறை அலசினால் போதும்.

செய்யும் விதம்

நால்வருக்குப் புதுப் பச்சரிசி 200 கிராம், பழுத்த பரங்கிக்காய் 300 கிராம் வேண்டும். காயின் தோலையும் குடலையும் எறியாமல், ஒரு வெங்காயத்துடன் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாறு பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். ஆறிய தண்ணீரை ஊற்றினால் வேகும் அரிசி தடைப்பட்டுவிடும். காயைத் தனியே வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் நெய் விட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, அரிசியைப் போட்டு வறுக்க வேண்டும். அரிசி சிவக்கக் கூடாது. ஓரம் கண்ணாடி போல் ஆனதும் ஒரு கரண்டி சாறு. அது வற்றியதும் மறு கரண்டி. கிண்டிக்கொண்டே இருந்தால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் பதம் வரும். சாறு குழைந்திருக்க வேண்டும். அரிசியின் நடு மட்டும் சற்றே பல்லில் பட வேண்டும். சாறு மிஞ்சினால் ரசத்துக்கு ஆகும். பிறகு காய் மசியல், உப்பு, மிளகு சேர்த்து இறக்கி, ஓர் உருண்டை வெண்ணெய் போட்டு வேகமாகக் கிளறுங்கள்.

இத்தாலியர் பாலாடைக்கட்டியைத் துருவிப் போடுவார்கள். அங்குள்ள மணமிலைகளையும் சேர்ப்பார்கள். இங்கே கொல்லைக் கற்பூரவல்லி இருக்கிறதே! கறிவேப்பிலையோடு இரண்டு இலை நெய்யில் பொரித்துத் தூவினால் மணம் தெருவுக்குப் போகும்.

நாற்று நட்ட கைகள்

இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளிதான் நெல்லுக்குப் பெயர் பெற்றது. முன்பு அங்கேயும் முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் பெண்களே. வெர்செல்லி வட்டாரத்தில் 1906-ல் போராடி எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். 1949-ல் 'கசப்பு அரிசி' என்று பொருள்படும் பெயரில், அவர்கள் வாழ்வைக் காட்டும் படமும் வந்தது. பின்னாளில் இயந்திரமும் களைக்கொல்லியும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. புதுக்கோட்டை வயல்களில் நடவு நடும் பெண்களுக்கு அந்த இடுப்பு வலியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தச் சோறு காத்திருக்காது. ஆறினால் இறுகிவிடும். வீட்டார் எல்லோரும் இலையில் உட்கார்ந்த பிறகு இறக்குவதே நல்லது. மிஞ்சிவிட்டதா? மறுநாள் காலை தோசைக் கல்லில் நெய் விட்டு, அடைபோல் தட்டி முறுகலாக எடுங்கள். மிலான் நகரத்தாரும் அதைத்தான் செய்கிறார்கள்!