கையடக்க வீடியோ கேம்: அதன் ஆயுள் யார் கையில்?

பேரக் குழந்தைகளின் கையில் இருக்கும் வீடியோ கேம் கருவியைப் பார்த்து, "இத்தனை பணம் கொடுத்து வாங்கினோமே, எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. பாட்டரியும் பொத்தான்களும் தாங்கும் காலம் இதற்குப் பாதி விடைதான். அதற்குப் புதிய கேம்கள் எதுவரை வரும் என்பதே மறுபாதி.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972இல் நீராவி இஞ்சின் தயாரிப்பை நிறுத்தியது. ஆனாலும் 1990கள் வரை அவை ஓடின. பணிமனைகளும் உதிரிபாகம் தருவோரும் இருந்ததே காரணம்.

வீடியோ கேம் தொழிலில் கருவியைச் செய்வது ஒரு நிறுவனம். கேம்களில் பெரும்பகுதியை வெளியிடுபவை வேறு நிறுவனங்கள். விற்கும் கேமுக்கு இவை கருவி நிறுவனத்துக்கு உரிமைத் தொகை கட்டவேண்டும். எனவே இவை போடும் கணக்கு ஒன்றே: கருவி எத்தனை பேரிடம் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் இன்னும் காசு கொடுத்து வாங்குவார்கள்?

சோனியின் 'பிளேஸ்டேஷன் வீட்டா' 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. 2012இல் யூபிசாஃப்ட், ஆக்டிவிஷன் போன்ற பெரிய நிறுவனங்கள் அதற்கென்றே கேம்கள் வெளியிட்டன. ஆனால் கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. சோனியின் தனி மெமரி கார்டை அதிக விலைக்கு வாங்கவேண்டியிருந்ததும் ஒரு குறை. பெரியவர்கள் ஒதுங்கினார்கள். இ.ஏ. நிறுவனம் 2014இல் தந்த 'ஃபிஃபா 15' கால்பந்து கேமில் ஆட்டம் பழையதுதான். வீரர் பட்டியலும் சட்டையும் மட்டும் புதிது. அடுத்த ஆண்டு அதுவும் வரவில்லை. 2015இல் சோனியே வீட்டாவுக்குச் சொந்தக் கேம் எதுவும் தயாரிப்பில் இல்லை என்று சொல்லிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. ஜப்பானின் சிறிய நிறுவனங்கள் நின்றன. ஃபால்காம் 'யீஸ் 8' கேமை 2016இல் முதலில் வீட்டாவில்தான் வெளியிட்டது. அமெரிக்காவில் 'லிமிடெட் ரன் கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம், சில ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்டு விற்றது. குறைந்த செலவில் எடுத்த கேமுக்குக் குறைந்த வாடிக்கையாளர் போதும். 2019இல் கருவித் தயாரிப்பு நிற்கும்வரை வீட்டாவைத் தாங்கியவர்கள் இவர்களே.

நிண்டெண்டோவின் '3டிஎஸ்' கதை சற்று வேறு. 2017இல் அதே நிறுவனத்தின் 'ஸ்விட்ச்' வந்துவிட்டது. ஆயினும் அட்லஸ் நிறுவனம் 2018இல் ஜப்பானில் 3டிஎஸ்ஸுக்கு 'பெர்சோனா கியூ 2' கேமைத் தந்தது. அப்போது ஏழு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. பல ஆண்டுப் பழக்கத்தால் வேலையும் கைவந்திருந்தது. 2020இல் தயாரிப்பு நின்றது. 2023 மார்ச்சில் அதன் இணையக் கடையில் விற்பனை முடிந்தது.

வீட்டாவின் இணையக் கடையையும் மூடப்போவதாக 2021 மார்ச்சில் சோனி அறிவித்தது. வாடிக்கையாளர் எதிர்ப்பு கிளம்பவே, அடுத்த மாதமே அம்முடிவைக் கைவிட்டது. ஆனால் எல்லாக் கருவிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

எனவே குழந்தைகளுக்குக் கருவி வாங்கும் பெற்றோர் மூன்றைக் கவனிப்பது நல்லது. வெளி நிறுவனங்கள் கடந்த ஓராண்டில் அதற்கு என்ன தந்திருக்கின்றன? வருவது புதிய ஆட்டமா, சட்டை மாற்றிய பழைய ஆட்டமா? கேம் கார்டாகக் கிடைக்கிறதா, இணையக் கடையில் மட்டுமா? கேம் முழுவதும் கார்டிலேயே இருந்தால் கடை மூடினாலும் ஆடலாம். தம்பி தங்கைக்கும் கொடுக்கலாம்.

கடைசிக்கால இயந்திரம் என்றாலே வீண் செலவு என்று ஒதுக்கவேண்டியதில்லை. விலை இறங்கியிருக்கும், நல்ல கேம்கள் சேர்ந்திருக்கும். இனிப் புதிது அதிகம் வராது என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.