மேட்டா, கிளாஸியா? ஊறுகாய் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் முன் இதைக் கவனிங்க!

கண்காட்சி ஸ்டாலில் பார்த்தபோது அந்த பாட்டில் அவ்வளவு அழகாக இருந்தது. பழுப்பு நிறத்தில் பளபளப்பில்லாத லேபிள். நடுவில் கறுப்பு எழுத்தில் 'மாங்காய்த் தொக்கு'. ஓரத்தில் சின்னதாக ஒரு மாவிலைக் கொத்து. கையில் எடுத்ததுமே வாங்கத் தோன்றும்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து அதே பாட்டிலைப் பாருங்கள். ஸ்பூனால் எடுக்கும்போதெல்லாம் விளிம்பில் வழிந்த நல்லெண்ணெய் லேபிளில் ஊறியிருக்கும். காகிதம், பஜ்ஜி மடித்த பேப்பர்போல ஆகியிருக்கும். எக்ஸ்பைரி தேதி இருந்த இடத்தில் மஞ்சள் கறைதான் மிச்சம். தொக்கு கெட்டிருக்காது. ஆனால், சாப்பிடலாமா வேண்டாமா என்று வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம். இன்னொரு பாட்டில் ஆர்டர் செய்யலாம் என்றால், போன் நம்பரும் கறைக்குள் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் ஒரு வாடிக்கையாளர் சத்தமில்லாமல் கைநழுவிப் போகிறார். ருசியில் குறையில்லை. விலையிலும் குறையில்லை. ஸ்டிக்கரின் மேல்பூச்சைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிசகு.

ஊறுகாய், மசாலா பொடி, குளியல் சோப், மூலிகைத் தலைமுடி எண்ணெய் என்று வீட்டிலிருந்தே தயாரித்து விற்பவர்கள் டிசைனுக்காக எவ்வளவோ மெனக்கெடுகிறார்கள். லோகோவைப் பத்து முறை மாற்றச் சொல்கிறார்கள். கடைசியில் அச்சகத்தில், 'மேட் போடவா, கிளாஸி போடவா?' என்று கேட்டால், 'எது நல்லா இருக்குமோ அதைப் போடுங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அச்சகத்து மேஜையில் நன்றாக இருப்பது ஒன்று. எண்ணெயும் ஈரமும் வெயிலும் படும் இடத்தில் நன்றாக இருப்பது வேறு.

பளபளப்பும் மங்கலும்

கிளாஸி என்பது கண்ணாடிபோல வழவழப்பான மேற்பரப்பு. விழும் வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அதனால் சிவப்பு இன்னும் சிவப்பாக, பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும். மிளகாய்ப் பொடி, ஜூஸ், மிட்டாய் போன்ற 'என்னைப் பார்' வகைப் பொருள்களுக்கு இது பொருத்தம். எண்ணெய்க் கை பட்டாலும் துணியால் துடைத்துவிடலாம்.

அதே வழவழப்புக்கு ஒரு தொல்லையும் உண்டு. டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தால் லேபிளின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காகப் போட்டோ எடுக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாட்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் பெயரின் பாதியை வெளிச்சம் தின்றுவிடும். கண்ணாடி போட்ட தாத்தா, மருந்து பாட்டிலைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, சாய்த்துப் பார்ப்பதற்குச் சின்ன எழுத்து மட்டும் காரணம் இல்லை. அந்தப் பளபளப்புக்கும் பங்கு உண்டு.

மேட் பூச்சு வெளிச்சத்தைப் பல பக்கமும் சிதறடிக்கும். கண் கூசாது, எழுத்தைச் சுலபமாகப் படிக்கலாம். நிறங்கள் கொஞ்சம் அடங்கித் தெரியும். கைவினைப் பொருள், ஆர்கானிக், பரிசுப் பெட்டி என்றாலே பலரும் மேட் கேட்பது அந்த அடக்கத்துக்காகத்தான். ஆனால், கறுப்பு, கரும்பச்சை மாதிரி அடர்நிறத்தில் சாதாரண மேட் போட்டால் ஒரு வம்பு வரும். நகம் பட்ட இடம், பாட்டிலோடு பாட்டில் உரசிய இடம் எல்லாம் பளபளவென்று கோடு போட்டதுபோல ஆகிவிடும். கூரியரில் போய்ச் சேரும்போது புதுப் பொருள் பழசுபோலத் தெரியும். அடர்நிறம்தான் வேண்டும் என்றால், கீறல் தாங்கும் 'ஆன்ட்டி ஸ்க்ராட்ச்' மேட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தொட்டால் பட்டுபோல இருக்கும் வெல்வெட் லேமினேஷனும் உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு அழகு. ஊறுகாய் பாட்டிலுக்கு அது கொஞ்சம் ஓவர்.

இரண்டையும் கலந்து, மேட் பரப்பில் பிராண்ட் பெயரை மட்டும் பளபளக்க விடுவது ஸ்பாட் யுவி. பார்க்க ஜோர்தான். ஆனால், பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தமிழின் மெல்லிய வளைவுகளிலும் புள்ளிகளிலும் அந்தப் பூச்சு ஒரு நூலளவு விலகி உட்கார்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

நெயில் பாலிஷும் ரெயின் கோட்டும்

மேட், கிளாஸி என்பது தோற்றம். அந்தத் தோற்றத்தை எதனால் கொண்டுவருகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பலரும் இதைக் கேட்பதே இல்லை.

வார்னிஷ் என்பது அச்சின்மேல் திரவமாகப் பூசிக் காயவைப்பது. நெயில் பாலிஷ் மாதிரி. யுவி வார்னிஷ் என்றால் புற ஊதா விளக்கின் கீழே சட்டென்று இறுகும். செலவு குறைவு, உரசலிலிருந்து ஓரளவு காக்கும். லேமினேஷன் என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலத்தையே மேலே ஒட்டுவது. இது ரெயின் கோட் மாதிரி. விலை கூடும், பாதுகாப்பும் கூடும்.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. 'லேமினேஷன் போட்டாச்சே, இனி தண்ணி பட்டாலும் கவலையில்லை' என்று நினைத்துவிடுகிறோம். ரெயின் கோட்டின் மேலே விழுகிற மழை சரி. கழுத்து வழியாக இறங்குகிற மழை? காகித ஸ்டிக்கரின் மேல்பக்கம் மூடியிருந்தாலும், வெட்டிய விளிம்பு நாலா பக்கமும் திறந்துதான் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் அந்த விளிம்பு வழியாக நுழைந்து காகிதத்தில் பரவும். ஓரம் உப்பும், பிறகு உரியும்.

அதனால், எண்ணெய், ஈரம், ஃபிரிட்ஜ் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே ஸ்டிக்கரின் அடிப்படையையே மாற்ற வேண்டும். அச்சகங்களில் குரோமோ என்று சொல்லப்படும் காகித ஸ்டிக்கருக்குப் பதிலாக, பிபி எனப்படும் பாலிபுரொப்பிலீன் ஸ்டிக்கர் கேட்கலாம். இது முழுவதும் பிளாஸ்டிக் படலம் என்பதால் ஊறாது, கிழியாது. வெள்ளையிலும் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிற வகையிலும் கிடைக்கும். அதன்மேல் மேட்டோ கிளாஸியோ உங்கள் இஷ்டம்.

சிவகாசி அச்சகங்களின் வளர்ச்சியில் தீப்பெட்டி லேபிளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த லேபிள் வெறும் காகிதம்தான். அதற்கு அதுவே போதும்; நனைந்த தீப்பெட்டியை லேபிளா காப்பாற்றப்போகிறது? எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த ஃபினிஷிங் தேவையில்லை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஜிப் கவரில் உலர்ந்த மசாலா பொடி விற்பவர், அகர்பத்திப் பெட்டி செய்பவர் எல்லாம் வார்னிஷ் பூசிய காகிதத்தோடு நிம்மதியாக இருக்கலாம்.

தேதி எங்கே அடிப்பீர்கள்?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. லேபிள் முழுக்க லேமினேஷன் போட்டு 500 ஸ்டிக்கர் வந்து இறங்கிவிடும். அதன்பிறகு தயாரித்த தேதியையும் எக்ஸ்பைரி தேதியையும் அதன்மேல் எழுதப் போனால், பால்பாயின்ட் பேனா வழுக்கும். ரப்பர் ஸ்டாம்ப் வைத்தால் மை காயாமல் கட்டைவிரலோடு வந்துவிடும்.

இது அழகுப் பிரச்னை மட்டும் அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பாக்கெட்டில் அடைத்த உணவின் லேபிள், பாத்திரத்திலிருந்து பிரிந்து வராதபடி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் உள்ள விவரங்கள் தெளிவாக, அழியாதபடி, எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும். உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண், சேர்மானங்கள், பேட்ச் எண், தேதிகள், சைவ - அசைவக் குறி எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் வர வேண்டும். ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போட்டுக்கொள்ளலாம். எழுத்தின் உயரத்துக்கும் அளவு உண்டு. இத்தனையையும் அச்சிட்டுவிட்டு, எண்ணெயில் கரைய விட்டால் என்ன பயன்?

வார்னிஷ் பூசுகிற லேபிள் என்றால் வழி சுலபம். தேதி வரும் சதுரத்தை மட்டும் வார்னிஷ் இல்லாமல் விடச் சொல்லலாம். அச்சகத்தில் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். டிசைன் ஃபைலிலேயே அந்த இடத்தைக் காட்ட வேண்டும். பூச்சில்லாத இடம் எண்ணெயையும் குடிக்கும் என்பதால், அதை பாட்டில் வாய்க்குப் பக்கத்தில் வைக்காமல் பின்பக்கம் கீழே வைப்பது புத்திசாலித்தனம். லேமினேஷன் படலம் முழுப் பரப்பையும் மூடிவிடும் என்பதால் அதில் இந்த வழி சிரமம். அப்போது மூடியிலோ பாட்டிலின் அடியிலோ சீக்கிரம் காயும் கோடிங் மையால் தேதியை அடிக்கலாம். விற்பனை கொஞ்சம் வளர்ந்து லேபிள் பிரின்டர் வாங்கும் நிலை வந்தால், பிபி ஸ்டிக்கரில் ரெசின் ரிப்பன் வைத்து அடிக்கும் தேதி நன்றாக நிற்கும். விலை மலிவு என்று வாங்கும் வேக்ஸ் ரிப்பன், உரசினால் போய்விடும்.

பார்கோடு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடு, அதன்மேல் மேட். இதுதான் வம்பில்லாதது. பளபளக்கும் சில்வர் ஃபாயில்மேல் பார்கோடு அடித்தால் ஸ்கேனர் திணறும். டிசைனுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சிவப்புக் கோடு போட்டால் இன்னும் மோசம். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

ஃபிரிட்ஜ், பாத்ரூம், பள்ளிக்கூடம்

இட்லி மாவு பாக்கெட், பனீர், ஐஸ்கிரீம் கப் போன்றவற்றில் பூச்சைவிடப் பசைதான் காலை வாரும். குளிர்ந்து வியர்த்திருக்கும் பாக்கெட்டின்மேல் ஸ்டிக்கரை ஒட்டினால் பிடிக்கவே பிடிக்காது. காய்ந்த பாக்கெட்டில் ஒட்டிவிட்டு, பிறகு மாவை நிரப்பிக் குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரீஸருக்கு என்றே தனிப் பசை உள்ள ஸ்டிக்கர்களும் உண்டு.

ஷாம்பூ பாட்டில் மாதிரி அமுக்கி எடுக்கும் பாட்டிலுக்கு விறைப்பான ஸ்டிக்கர் சுருங்கி மடியும். வளைந்து கொடுக்கும் பிஇ அல்லது வினைல் வகை தேவை. வண்டியின் பின்னால் ஒட்டுவது என்றால் வெயிலைத் தாங்கும் லேமினேஷனோடு கூடிய வினைல். வெயிலில் முதலில் மங்குவது பெரும்பாலும் மஞ்சளும் மெஜன்டாவும்தான். சில வருஷம் ஓடிய வண்டிகளில் சாமி படம் நீலம் பூத்துத் தெரிவதன் ரகசியம் அதுதான்.

பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குப் பெயர் ஸ்டிக்கர் அடிப்பவர்கள் லேமினேட் செய்த பிபி-யையோ வினைலையோ தேர்ந்தெடுத்தால் தினசரி தேய்ப்பைக் கொஞ்ச காலமாவது தாங்கும். நோட்டுப் புத்தக லேபிளுக்கு நேர் எதிர். பேனாவால் எழுத வேண்டுமே! அங்கே பூச்சே வேண்டாம்.

வீட்டு பிரின்டரில் ஏ4 ஸ்டிக்கர் ஷீட் போட்டு அடிக்கிறவர்களும் உண்டு. இன்க்ஜெட்டில் டை மை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரில் எழுத்து பூப்பூவாக விரியும். இன்க்ஜெட்டுக்கான வினைல் ஷீட்டை மட்டும் லேசர் பிரின்டரில் விட்டுவிடாதீர்கள். லேசர் பிரின்டர் சூட்டில் வேலை செய்வது; உள்ளே உருகி ஒட்டிக்கொண்டால் பிரின்டருக்கே செலவு வைக்கும்.

எண்ணெய்க் கையால் ஒரு சோதனை

ஆர்டர் கொடுக்கும் முன் அச்சகத்தில் இரண்டு மூன்று வகை ஸ்டிக்கரில் சாம்பிள் கேட்டு வாங்குங்கள். வேறு யாருக்கோ அடித்த மிச்சமாக இருந்தாலும் பரவாயில்லை. பூச்சும் அடிப்படையும்தான் முக்கியம். கம்ப்யூட்டர் திரையில் பார்த்த நிறத்தை நம்பி ஓகே சொல்ல வேண்டாம். திரை தானே ஒளிர்வது. மேட் லேபிள் அப்படி ஒளிராது.

சாம்பிளை உங்கள் பாட்டிலில், உங்கள் பொருளை நிரப்பி ஒட்டுங்கள். ஒட்டும் முன் பாட்டிலின் வெளிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் துடைப்பது அவசியம். ஒரு நாள் அப்படியே விடுங்கள். பசை முழுதாகப் பிடிக்க நேரம் வேண்டும். மறுநாள் எண்ணெய்க் கையால் தேதியின்மேல் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். விளிம்பிலும் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். செல்லோ டேப்பை ஒட்டிச் சட்டென்று இழுத்தால் மை கூடவே வருகிறதா என்று தெரியும். ஃபிரிட்ஜ் பொருள் என்றால் ஓர் இரவு உள்ளே வைத்து, காலையில் வெளியே எடுத்து, வியர்த்திருக்கும்போதே தேய்க்க வேண்டும். வீட்டில் வயதானவர் இருந்தால் பாட்டிலை அவர் கையில் கொடுத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

பிறகு அந்த பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து, பத்து நாள் சமையலுக்கு எடுத்துப் புழங்குங்கள். பதினோராவது நாள் தேதியும் போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்தால், அச்சகத்துக்குப் போன் போடலாம். அப்போதும் முதல் முறை 100, 200-க்கு மேல் வேண்டாம். டிஜிட்டல் பிரின்டில் அவ்வளவு குறைவாகவும் அடித்துத் தருகிறார்கள்.