ஆறு பேர் இருந்தும் டீம் இல்ல!

2017-ல கீரனூர்ல பஸ் ஏறி, திருச்சி போய் ‘ஜஸ்டிஸ் லீக்’ பார்த்துட்டு வந்த சீனியர் அண்ணன் யாரையாவது கேட்டுப் பாருங்க. பஸ் காசே தண்டம்னு சொல்வார். பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் வுமன்னு அத்தனை பேர் இருந்தும் படம் ஏன் சொதப்புச்சு?

முதல் காரணம், அறிமுகம். 2012-ல ‘தி அவெஞ்சர்ஸ்’ வர்றதுக்கு முன்னாடியே மார்வெல் ஐந்து படம் எடுத்து அயர்ன் மேன், ஹல்க், தோர், கேப்டன் அமெரிக்காவை நமக்குப் பழக்கிடுச்சு. இங்கே ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் மூணு பேருக்கும் அதுவரை தனிப்படமே கிடையாது. ரெண்டு மணி நேரத்துல இவங்களையும் புரியவச்சு, வில்லனையும் அடிக்கணும்னா எப்படி?

ரெண்டாவது, வெட்டு. மகளை இழந்த துயரத்துல இயக்குநர் ஜாக் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வீடன் வந்து பல காட்சிகளை மறுபடி எடுத்தார். அதிகம் அடிபட்டது சைபார்க்தான். 2021-ல வந்த நாலு மணி நேர ஸ்னைடர் பதிப்பைப் பாருங்க. விபத்துல அம்மா போய், தன் உடம்பே இயந்திரமாகி, அப்பா மேல கோபத்தோட வாழுற பையன் அவன். கதைக்கு உயிரே அவன்தான். 2017 படத்துல அந்த வலி எல்லாம் ஒப்புக்குத்தான் வந்து போகும்.

நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டும் இதே கதைதான். ரிவ்யூல பேசுறவன் பேட்மேன் ஆகிடுறான். ராத்திரி முழுக்க கோடு எழுதினவன் கடைசி ஸ்லைடுல வெறும் பேரா நிக்கிறான். உங்க டீம்ல சைபார்க் யாருன்னு வைவாவுக்கு முன்னாடியே பாருங்க.