நாடி கிடைக்காத இளம்பெண்கள்: தகயாசு நோயை அறிவோம்

துணி பிழிந்தால் கை ஓய்ந்துபோகிறது, சடை பின்னி முடிப்பதற்குள் தோள் கடுக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று இருபது வயதுப் பெண் சொன்னால், நம் வீடுகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒழுங்கா சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்." ரத்தசோகை நம் பெண்களிடம் பரவலாக இருப்பதால் பல நேரம் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆனால், சத்து மாத்திரை சாப்பிட்டும் மாதக்கணக்கில் தொல்லை தொடர்ந்தால், ரத்தக்குழாய்களைப் பரிசோதித்தே ஆக வேண்டும். பெரிய ரத்தக்குழாய்களைத் தாக்கும் தகயாசு தமனி அழற்சி என்ற நோய் இப்படியும் வெளிப்படலாம்.

இது அரிய நோய். ஆனாலும் மேலைநாடுகளைவிட இந்தியா, ஜப்பான் உள்ளிட்ட ஆசிய நாடுகளில் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் 10 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பாதிக்கப்படுவோரில் பெண்களே மிகுதி. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருவதுண்டு.

நோய் என்ன செய்கிறது?

1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரை ரத்தக்குழாய்களில் கண்ட விசித்திரமான மாற்றத்தை மருத்துவர்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அதே கூட்டத்தில் வேறு இரு மருத்துவர்கள், இத்தகைய கண் பாதிப்புள்ள தங்கள் நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். கண்ணுக்கும் கைக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டிருந்ததே இரண்டுக்கும் காரணம் என்பது பின்னர் தெளிவானது.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்குகிறது. தமனிச் சுவர் வீங்கித் தடிக்க, உள்வழி குறுகுகிறது. சிலருக்கு முழுதாக அடைத்துவிடுகிறது. சில இடங்களில் சுவர் பலமிழந்து புடைப்பதும் உண்டு. மரபணுக் கூறுகளுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் இது தொற்றுநோய் அல்ல. சாப்பாட்டாலோ பழக்கவழக்கத்தாலோ வருவதும் அல்ல. நோய் வந்த பெண்ணின் மீதோ அவள் குடும்பத்தின் மீதோ பழி சொல்ல இதில் எதுவும் இல்லை.

அறிகுறிகள்

தொடக்கத்தில் விட்டுவிட்டு வரும் லேசான காய்ச்சல், அசதி, எடை குறைதல், இரவில் வியர்வை, மூட்டுவலி, கழுத்தின் பக்கவாட்டில் தொட்டால் வலி ஆகியவை இருக்கும். காசநோய் என்றோ, சுளுக்கு என்றோ, மனக்கவலை என்றோ தவறாக நினைக்க நிறையவே இடம் உண்டு. சிலருக்கு இந்தக் கட்டம் வந்ததே தெரியாமல் கடந்துவிடும்.

தமனிகள் குறுகிய பிறகு, எந்தக் குழாய் அடைபட்டதோ அதைப் பொறுத்துத் தொல்லை வேறுபடும்:

• கைக்குச் செல்லும் தமனி என்றால், வேலை செய்யும்போது கை வலிக்கும், ஓய்ந்துபோகும், ஓய்வெடுத்தால் சரியாகும். ஒரு கை மற்றதைவிடக் குளிர்ந்திருக்கலாம்.

• கழுத்துத் தமனி என்றால், தலைசுற்றல், மயக்கம், பார்வை மங்கல் வரும். இளம்வயதிலேயே பக்கவாதம் வரக்கூடும்.

• வயிற்றுப் பகுதிப் பெருந்தமனி, சிறுநீரகத் தமனி என்றால், ரத்த அழுத்தம் எகிறும். இந்திய நோயாளிகளில் பலருக்கு இதுவே முதல் அடையாளம். நடந்தால் கால் வலிப்பதும் உண்டு.

• இதயத்தை ஒட்டிய பகுதி என்றால், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, கால்வீக்கம் வரலாம்.

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல், திடீரெனப் பார்வை மறைதல், கடும் நெஞ்சுவலி இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

செலவில்லாத முதல் சோதனை

இந்த நோயைச் சந்தேகிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நாடி பிடித்துப் பார்த்தால், ஒன்று பலவீனமாக இருப்பது அல்லது கிடைக்காமலே போவது தெரிந்துவிடும். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் அளந்து, மேல் அளவில் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். ஒருமுறை வித்தியாசம் வந்ததற்கே பயப்பட வேண்டாம். மறுபடி அளந்தும் அப்படியே இருந்தால் காரணம் தேட வேண்டும். கழுத்திலும் வயிற்றிலும் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், குறுகிய குழாயில் ரத்தம் பாயும் இரைச்சல் கேட்கக்கூடும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடைபட்ட கையில் அளந்தால் ரத்த அழுத்தம் குறைவாகவே காட்டும். "உனக்கு லோ பி.பி., உப்புப் போட்டுக் குடி" என்று அனுப்பிவிடுவார்கள். உண்மையில் உள்ளே அழுத்தம் அபாய அளவில் இருக்கலாம். இரு கைத் தமனிகளுமே அடைபட்டிருந்தால் காலில் அளந்தால்தான் உண்மை தெரியும். 40 வயதுக்குள் யாருக்கு ரத்த அழுத்தம் கூடினாலும், மாத்திரையோடு நிறுத்தாமல் காரணத்தையும் தேட வேண்டும். சிறுநீரகத் தமனிகள் இரண்டும் குறுகியிருந்தால் சிலவகை பி.பி. மாத்திரைகள் சிறுநீரகத்தையே கெடுக்கும் என்பதால், கடையில் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து.

சந்தேகம் வந்தால் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள். இவை இயல்பாக இருந்தாலும் நோய் இல்லையென்று முடிவுகட்ட முடியாது. டாப்ளர் ஸ்கேனும், சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராமும்தான் குழாய்களின் நிலையைக் காட்டும்.

சிகிச்சை உண்டு

பார்க்க வேண்டியவர் மூட்டு, அழற்சி நோய்களுக்கான ருமட்டாலஜி மருத்துவர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கான துறைகள் உள்ளன. இந்நோயின் தீவிரத்தை மதிப்பிட 'ஐட்டாஸ் 2010' என்ற அளவீட்டை உருவாக்கியவர்கள் இந்திய மருத்துவர்களே.

அழற்சியை அடக்க ஸ்டீராய்டு தருவார்கள். அதன் அளவைக் குறைத்துவர உதவும்படி மெத்தோட்ரெக்சேட், அசாதயோபிரின், மைக்கோபினோலேட் போன்றவை சேரும். கட்டுப்படாதவர்களுக்கு டோசிலிசுமாப் போன்ற ஊசி மருந்துகள் உள்ளன. இவற்றைத் தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ தேவைப்பட்டால், அவசர நிலை தவிர, அழற்சி அடங்கிய பிறகு செய்வதே நல்லது.

உடம்பு தேறிவிட்டது என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். நோய் திரும்பி வரும் இயல்புள்ளது என்பதால் தொடர் கண்காணிப்பும் தேவை. இந்நோய் உள்ள பெண்கள் திருமணம் செய்யலாம், தாயாகலாம். ஆனால் மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் இரண்டும் கருவைப் பாதிக்கும். எனவே கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்கள் உரிமைகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன்பெறலாம். உங்களுக்கான சிகிச்சை பட்டியலில் உண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீண்டகாலம் வாங்க வேண்டிய மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஸ்கேன் படங்களைத் தேதிவாரியாகக் கோப்பில் வையுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நோய் வளர்கிறதா, அடங்கியதா என்பது தெரியும். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமைதான். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அரிய நோயைத் தாமதமாகக் கண்டறிவது எல்லாமே அலட்சியம் ஆகிவிடாது. ஆனால் கட்டணம் பெற்றுச் செய்த சிகிச்சையில் உண்மையிலேயே அலட்சியம் நேர்ந்தால், இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

இந்த உரிமைகள் பயன்பட வேண்டுமானால், அந்தப் பெண் சொல்வதை வீடு முதலில் நம்ப வேண்டும். உங்கள் மகளோ தங்கையோ கை ஓய்கிறது, தலை சுற்றுகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னால், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "ரெண்டு கையிலயும் பி.பி. பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.