பெண் கேட்க வந்தவர் போட்ட புல்வெளிச் சண்டை

லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை எதனால் வரும்? கோழி வேலி தாண்டினால் வரும். வாழைக்கன்று ஒரு சாண் தள்ளி முளைத்தால் வரும். இது நமக்கு மட்டுமே உள்ள புத்தி என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரர்களே! ருசியா நாட்டு நிலச்சுவான்தார் வீட்டிலும் இதே கூத்துதான். அதை அந்தோன் செக்காவ் 1888-ல் ஓரங்க நாடகமாக எழுதினார்.

லோமோவுக்கு 35 வயசு. நெஞ்சு படபடப்பு, கண் துடிப்பு என்று ஓயாமல் புலம்பும் ஆள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பண்ணை சுபுக்கோவ் வீட்டுக்கு வருகிறார். கடன் கேட்கத்தான் வந்திருக்கான், கொடுக்கக் கூடாது என்று கிழவர் முடிவு கட்டிவிட்டார். பெண் கேட்க வந்த சங்கதி தெரிந்ததும் கட்டிப்பிடித்து முத்தமழை! மகளிடமோ, சரக்கு வாங்க வியாபாரி வந்திருக்கான் என்று சொல்லி அனுப்புகிறார். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நத்தால்யா அப்படியே வந்து உட்காருகிறாள்.

மாப்பிள்ளை சுற்றி வளைத்துப் பேசும்போது, எருதுப் புல்வெளி எங்களுடையது என்று வாய் தவறிவிட்டது. போச்சு! அது எங்களுடையது என்று அவள் கிளம்பிவிட்டாள். மொத்தமே ஏறக்குறைய 13 ஏக்கர். 300 ரூபிள் பெறுமாம். பணம் பெரிசில்லையாம், அநியாயம்தான் பொறுக்கவில்லையாம்!

லோமோவ் சொல்லும் வழக்கைக் கேளுங்கள். அவர் அத்தையின் பாட்டி, சுபுக்கோவின் பாட்டனாருடைய குடியானவர்களுக்கு அந்தப் புல்வெளியை வாடகையில்லாமல் விட்டாராம். பதிலுக்கு அவர்கள் பாட்டிக்குச் செங்கல் அறுத்துத் தரவேண்டும். 40 வருஷம் அனுபவித்து, சொந்தமென்றே நினைத்துவிட்டார்களாம்.

கொட்டகையில் இதற்கும் சிரிப்பார்கள். நமக்குச் சிரிப்பு இங்கேதான் நின்றுபோனது. மண் பிசைந்து செங்கல் அறுத்தவன் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. இரண்டு எசமான் வீடும் பத்திரம் பேசுகின்றன. செக்காவுக்கு இது தெரியாததா? அவர் பாட்டனாரே பண்ணையடிமை. 1841-ல் பணம் கட்டிக் குடும்பத்தை மீட்டவர். அந்த அடிமைமுறையே 1861-ல்தான் ஒழிந்தது.

தோட்டம் கைமாறியபோது, 40 வருஷம் பால் வெட்டியவர்கள் லயத்தைக் காலி செய்யும் நோட்டீசோடு நம்மிடம் வந்ததைப் பார்த்திருக்கிறோம். கொல்லையிலிருந்த கொய்யாவை வைத்தது யார் என்று எந்த ஆபீசிலும் கேட்கவில்லை.

சரி, கதைக்கு வருவோம். லோமோவ் கோபித்துக்கொண்டு போனபிறகுதான், அவன் உன்னைக் கேட்க வந்தவன் என்று அப்பன் வாய் திறக்கிறார். உடனே கூட்டிவாங்க என்று நத்தால்யா ஓலமிடுகிறாள்! திரும்பி வந்தவரிடம் புல்வெளியை நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டாள். அப்பாடா என்று பார்த்தால், அடுத்தது நாய்ச் சண்டை. அவர் நாய் 125 ரூபிள், அப்பா நாய் 85. எது உசத்தி? மாப்பிள்ளை மூர்ச்சையாகி விழ, செத்தான் என்று வீடே அலற, கண் திறந்ததும் கிழவர் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்துவிடுகிறார். முத்தத்தின் ஈரம் காயவில்லை, நாய்ப் பேச்சு மறுபடி ஆரம்பம். கிழவர் ஷம்பேன் கொண்டுவரச் சொல்லிக் கத்துகிறார். திரை.

கோயில் திருவிழாவில் நாடகம் போடும் தம்பிகளே, மூன்றே வேஷம். ஒரு மேசை, நாற்காலி, தண்ணீர்க் கூசா போதும். லோமோவுக்கு நன்றாக விழத் தெரிந்த பையனைப் போடுங்கள். செங்கல் வசனத்தை மட்டும் அவன் அவசரப்படாமல் சொல்லட்டும்.