சாவியைத் திருப்பியதும் வரும் சத்தம்

காலை ஆறரை மணி. சேவூரில் ஒரு வீட்டு வாசலில் பழைய மாருதி ஆம்னி நிற்கிறது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கட்டிங் முடிந்த பனியன் பீஸ் மூட்டைகளை மேல்தட்டு வரை அடுக்கியிருக்கிறார்கள். ஷிப்ட் தொடங்குவதற்குள் அவிநாசிப் பக்கம் இருக்கும் தையல் யூனிட்டில் இறக்கியாக வேண்டும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் "ஊம்... ஊம்..." என்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. இரண்டாவது முறை வெறும் "டக டக டக". மூன்றாவது முறை அதுவும் இல்லை.

"செல்ஃப் போயிருச்சாட்ட இருக்குதுங்ணா" என்பார் பக்கத்தில் நிற்பவர்.

இந்த வட்டாரத்தில் ஸ்டார்ட்டர் என்று சொன்னால் கிணற்றடி மோட்டார் ரூம் சுவரில் பச்சை, சிவப்புப் பொத்தான்களோடு இருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். கார் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாருக்குப் பெயர் செல்ஃப். தோட்டத்தில் லோ வோல்டேஜ் வந்தால் மோட்டார் சுற்றாமல் முனகுமே, காரில் நடப்பதும் பல நேரம் அதேதான். கரண்டு சரியாக வராதபோது கிணற்று மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு யாரும் அனுப்புவதில்லை. காரில் மட்டும் அந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

செல்ஃப் மோட்டாரின் இயல்பைப் புரிந்துகொள்ள அது பிறந்த கதை உதவும். ஒரு காலத்தில் காரை ஸ்டார்ட் செய்ய முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் இதற்கு மாற்று கண்டார். கடைக் கல்லா இயந்திரத்தைத் திறக்கச் சின்ன மின்மோட்டார் பொருத்தியவர் அவர். சில நொடிகள் மட்டுமே ஓடும் மோட்டார் என்றால், அதன் அளவுக்கு மீறிய சுமையை அதன் தலையில் ஏற்றலாம் என்பது அங்கே கற்ற பாடம். 1912 மாடல் காடிலாக் காரில் அந்தப் பாடம் செல்ஃப் மோட்டாராக வந்தது.

பனியன் கம்பெனி மிஷின் மோட்டார் ஷிப்ட் முழுக்க ஓடும். செல்ஃப் அப்படிப்பட்டதல்ல. பத்து நொடிக்கு மேல் விடாமல் அடித்தால் உள்ளே சுருள் கொதிக்கும். ஒரு தடவை அடித்தால் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். அவசரத்தில் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பவர்கள், பேட்டரியில் மட்டும் இருந்த கோளாறை மோட்டாருக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள்.

நம் ஊர்ச் சாலைகளில் கைப்பிடிக் காலமும் செல்ஃப் காலமும் ஒன்றாகவே ஓடின. அம்பாசிடர் காரில் செல்ஃபும் இருந்தது, முன்புறம் கைப்பிடி செருகும் துளையும் இருந்தது. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்ட பிறகு, செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் தமிழ்நாட்டிலேயே தயாராகும் பொருள்கள் ஆயின. பழைய கார்களின் செல்ஃப் பிரித்துப் பழுது பார்க்கத் தக்கதாகவே செய்யப்பட்டது. கார்பன் பிரஷ், புஷ், இன்ஜின் பல்லோடு கோக்கும் பெண்டிக்ஸ் எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். ஆகவே முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால், எது கெட்டது என்று ஒரு கேள்வி கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

சரி, வாசலில் நிற்கும் ஆம்னிக்கு வருவோம். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் சட்டென்று மங்கி, இன்ஜினும் இழுத்தால் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் பேட்டரி முனையில் பிடிப்பு சரியில்லை. "டக டக டக" சத்தமும் இந்த வகைதான். மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்டு கேட்டதும் வோல்டேஜ் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் மோட்டாரும் சுற்றாமல் இருந்தால் கதை வேறு. கரண்டு மோட்டாருக்குள் போகவே இல்லை. ஒரே ஒரு "டொக்" சத்தத்தோடு நின்றால் சொலினாய்டின் உள்தொடுப்பு கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்து தீர்ந்திருக்கலாம். மோட்டார் உடம்பை மரக்கட்டையால் மெல்லத் தட்டியதும் சுற்றினால் பிரஷ் மேல் சந்தேகம் வலுக்கும். அன்றைய நடையை அது ஓட்டிக் கொடுக்கும். மறுநாளைக்கு நம்ப முடியாது.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஊகம் பாதியாகக் குறையும். இரவெல்லாம் நின்ற வண்டியில் முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது.

பேட்டரி நன்றாக இருந்தும் இன்ஜின் இழுக்கிறதா? அப்போது பார்க்க வேண்டியது எர்த், அதாவது இன்ஜினிலிருந்து கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழி. அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். சின்னக் காரின் செல்ஃப்கூட 100 ஆம்பியரை ஒட்டிய கரண்டை இழுக்கும். வழியில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு முழு வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சை உப்பு, பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் போல்ட், உள்ளே நூல் நூலாக அறுந்த கேபிள் எல்லாம் இந்தத் தடைதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்திலும் மற்றதை இன்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் வழியில். உப்புத்தாளும் ஸ்பேனரும் போதும், மோட்டாரில் கை வைக்கவே வேண்டியதில்லை.

இத்தனையும் சரியாக இருந்து, காலையில் பரவாயில்லாமல் சுற்றி, புளியம்பட்டி போய் வந்து நிறுத்தியதும் இழுக்கிற செல்ஃப் உண்டு. அதில் கோளாறு உள்ளேதான். புஷ் தேய்ந்தால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் நடுவில் நிற்காது, சுற்றியிருக்கும் இரும்பில் உரசும். கரண்டு அதிகம் இழுக்கும், வேகம் குறையும். கழற்றிப் பார்த்தால் ஆர்மேச்சரில் உரசல் தடம் பளிச்சென்று தெரியும்.

சத்தங்களில் பயப்பட வேண்டியது "கரகர" என்று பல் அரைபடும் சத்தம். மோட்டார் "விர்ர்" என்று தனியாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் வழுக்குகிறது. வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர் அது. அவர் செய்த அமைப்பு மாறிப் பல காலம் ஆகியும் நம் ஒர்க்‌ஷாப்புகளில் பெயர் நிலைத்துவிட்டது. அரைபடும் சத்தமோ பல்லுக்கும் பல்லுக்கும் நடக்கும் சண்டை. மோட்டார் போல்ட் தளர்ந்திருக்கலாம், பிளைவீலின் ரிங் கியர் பல் மழுங்கியிருக்கலாம்.

ரிங் கியர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. அணைத்த இன்ஜின் கம்ப்ரஷனில் தடுக்கி, ஏறக்குறைய அதே சில இடங்களில்தான் நிற்கும். நான்கு சிலிண்டர் என்றால் இரண்டு இடம். ஆம்னி, மாருதி 800 போல மூன்று சிலிண்டர் என்றால் மூன்று. பெண்டிக்ஸ் பல் வந்து மோதுவதும் அங்கேதான். அதனால்தான் நாலு தடவை நன்றாக எடுத்த வண்டி ஐந்தாவது தடவை அரைக்கிறது. கியர் போட்டுச் சற்றே முன்னே தள்ளிவிட்டு மறுபடி அடித்தால் எடுத்துவிடும். அப்படி எடுத்தால் தேய்மானம் ரிங் கியரில் என்பது கிட்டத்தட்ட உறுதி. அப்போதும் புதுப் பெண்டிக்ஸை மட்டும் போட்டால், மழுங்கிய பல் அதையும் தின்றுவிடும்.

ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போகும்போது "செல்ஃப் போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன சத்தம், காலையிலா, சூடான பிறகா, லைட் மங்கியதா என்று சொல்லுங்கள். நீங்களே ஸ்பேனர் எடுப்பதானால் வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும். பேட்டரியில் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.